துளசி படிக்காத பதினான்கு கடிதங்கள்

துளசிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பாள். அவள் துடைக்க ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஒன்பதாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் பாதிப் பேருக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். முதலில் நழுவுகிறவன் நான்தான். பதினெட்டு வருஷமாக அங்கே மோட்டாரும் பெல்ட்டும் பார்க்கிற ஃபிட்டர். யாருக்கும் பயந்தவன் இல்லை என்று ரிங்லெட் டவுன் கடைகளில் பேசிக்கொண்டு திரிகிறவன். துளசி அந்தக் கணக்கில் சேர மாட்டாள்.

அவள் எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் மலையில் பதினாறு வருஷம் கொழுந்து வெட்டினாள். பிறகு ஃபேக்டரி வாசலில் ஏழு வருஷம் கொழுந்து நிறுவை. அந்த நாளில்தான் சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து மலையிறங்கித் தாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். அந்த ரோட்டு வளைவுகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. ஒரு வகுப்பைக்கூட அவள் விடவில்லை. "மடியில ஒரு பிளாஸ்டிக் பை, கையில ஒரு நோட்டு, அவ்வளவுதான்" என்பாள். நாற்பதாவது வயதில் ஃபேக்டரி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஆனாள். எங்கள் தோட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிற அவள் புருஷன் புனிதன் அன்று லயம் முழுக்க ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தான்.

நாற்காலியோடு சேர்த்து அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. படம் கிடையாது, சுட்டி கிடையாது. கறுப்புத் திரை, ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஒரு டாலர் குறி, கண் சிமிட்டுகிற ஒரு கட்டம். யூனிக்ஸ் வகை என்றார்கள். நாம் எதையாவது தட்டுவதற்காக அது காத்திருக்கிற அந்த வரிக்கு பிராம்ப்ட் என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன் கீழே பட்டணத்திலிருந்து ஒரு கம்பெனி வந்து கொழுந்து வாட்டுகிற மாடி முழுக்கக் கம்பிகள் இழுத்து, எல்லாவற்றையும் அந்தப் பெட்டியில் சேர்த்துவிட்டுப் போனது.

கொழுந்து வாட்டுவது பெரிய மந்திரம் இல்லை. நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி ஊத வேண்டும். இலை மெத்தென்று ஆகும். காற்றாடி அரை மணி நின்றால் சமாளிக்கலாம். ஒரு மணி நேரம் நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்து நாறிவிடும், அந்தத் தொட்டி குப்பைக்குத்தான். அதனால் எந்தக் காற்றாடி நின்றாலும் பெட்டிக்குத் தெரியும்படி வைத்திருந்தார்கள். தெரிந்து என்ன செய்யும் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

முந்தைய கிராணி ஆண்டியப்பன் ஓய்வு பெற்றபோது திரைக்கு மேலே ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார். "காலையில் கீழே இருக்கிற வரியைத் தட்டு. நேற்றைய விவரத் தாள் வரும். பிறகு திரையைத் துடை. எக்காரணம் கொண்டும் வெளியே போகாதே." வெளியே போவது என்றால் பெட்டியில் ஆபீஸ் பெயரில் திறந்திருக்கிற கணக்கை மூடிவிட்டு வருவது. அவர் ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு மறுபடி உள்ளே போகத் தெரியாமல், கம்பெனிக்காரன் நாலு நாள் கழித்து வந்து திறந்துவிட்டானாம். ஓடுகிற எந்திரத்தில் கை வைக்காதே என்பது எங்கள் ஃபேக்டரியின் வேதவாக்கு. நானே பத்துப் பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன். துளசியும் எட்டு மாதம் அந்தத் தாள் சொன்னபடியே நடந்தாள்.

இனி இருளப்பன். வாட்டும் மாடியைப் பார்க்கிறவர் அவர். ஐம்பத்தேழு வயது, நெஞ்சில் சளி. அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அரை மணிக்கு ஒருமுறை அதில் இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். கைப்பேசி வந்த பிறகு அந்த மணி யாருக்கும் தேவையில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை. மாடியில் இருந்தாலும் கீழே இருந்தாலும் அடித்துவிடுவார். எங்கள் காதுக்கு அது மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று லோரிக் கொழுந்து ஒன்றாக வந்து நின்றது. லோரி வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் இறக்க ஓட வேண்டும். மூட்டையிலேயே கொழுந்து சூடேறிவிடும் என்பதால் மேனேஜரே போட்ட உத்தரவு அது. இருளப்பனும் ஓடினார். இறக்கி முடித்து மாடி ஏறியபோது மணி பதினொன்றே கால். மூன்றாம் தொட்டி சிவந்து கிடந்தது. காற்றாடியோ ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விசாரணை. மேனேஜர் அரிஃபின் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலிடத்துக்கு ஏதாவது பதில் எழுதியாக வேண்டும் என்கிற பதற்றத்தில் இருந்தார்.

"காத்தாடி நடுவுல நின்னிருக்கு துரை. நான் ஏறிப் போறப்ப ஓடுது, ஆனா நின்னிருக்கு. கொழுந்தத் தொட்டா தெரியுது" என்றார் இருளப்பன்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் காலையிலேயே மோட்டாரைப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. "காத்தாடி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நின்னிருக்கு துரை" என்று இருளப்பன் இன்னொரு தடவை சொன்னார். குரல் இறங்கிவிட்டது. பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. காலையிலேயே காற்றாடியைப் போடாமல் இருந்து, சிவந்ததைப் பார்த்துப் பயந்து போட்டிருப்பார் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். ஒன்றாம் தேதியிலிருந்து மருந்தடிக்கிற கூட்டத்துக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது. அந்த நெஞ்சோடு முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்துகொண்டு மலை ஏறினால் அவர் எத்தனை மாதம் தாங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இருக்கிறது.

வியாழக்கிழமை மதியம் பேய் மழை. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. ஆபீஸ் பெட்டிக்கான பேட்டரியும் தீர்ந்து திரை அணைந்தது. கரண்ட் வந்ததும் துளசி ஆண்டியப்பனின் தாளைப் பிய்த்து, பின்பக்கத்தில் அவர் குறித்துவைத்திருந்த கடவுச்சொல்லைப் பார்த்துத் தட்டி உள்ளே போனாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. உள்ளே போனதும் திரையில் ஒரு வரி வந்தது. உனக்குக் கடிதம் இருக்கிறது என்று.

கடிதம் ஒன்றல்ல, இருநூற்றுச் சொச்சம். காற்றாடி நிற்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி தனக்குள்ளேயே இருக்கிற ஒரு தபால்பெட்டியில் ஆபீஸ் பெயருக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்கைத் திறக்கும்போதுதான் அது சொல்லும். நாங்கள் கணக்கை மூடினதே இல்லை, பிறகு எங்கே திறப்பது?

அந்த மழையிலேயே அவள் என் பட்டறைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணி ஐந்து நிமிஷத்திலிருந்து பதினொன்று பத்து வரை, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாகப் பதினான்கு கடிதம். மூன்றாம் காற்றாடி நின்றிருக்கிறது என்று பதினான்கிலும் ஒரே சேதி. பிறகு ஒன்றும் இல்லை.

"லிங்கண்ணே, நின்ன காத்தாடி தானா ஓடுமா?"

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். ஓடும். மோட்டார் சூடானால் நின்றுபோகிற ஒரு சின்னக் கருவி உண்டு. அதை இரண்டு விதமாக வைக்கலாம். ஆள் போய்த் தட்டினால்தான் மறுபடி ஓடும் என்று ஒன்று. ஆறினதும் தானே ஓடும் என்று ஒன்று. ஆள் போய்த் தட்டும்படிதான் வைக்க வேண்டும். போன வருஷம் அடிக்கடி மாடி ஏறச் சோம்பல்பட்டுத் தானே ஓடுகிற பக்கம் திருப்பி வைத்தவன் நான்.

சொன்னேன். துளசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நீங்க உங்க தப்பச் சொல்லுங்க. நான் என் தப்பச் சொல்றேன். வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தார். மலாயில்தான் பேசினார். இருளப்பன் பொய் சொல்லவில்லை, சரி. ஆனால் ஆள் இடத்தில் இல்லாததால் தொட்டி கெட்டது என்று மேலிடத்துக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அடுத்த தடவை லோரி இறக்கும்போது காற்றாடி நின்றால் யாருக்குத் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் இருந்தால் மாற்றக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் முடியாது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எனக்குக் காட்டுங்கள் என்றார். செவ்வாய்க்கிழமை ஒன்றாம் தேதி.

கம்பி இழுத்த கம்பெனிக்குத் துளசி போன் செய்தாள். கணக்கை மூடித் திறந்து பாருங்கள் அக்கா, அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறோம் என்றான் ஒருவன். "அடுத்த மாசம் ஆள் இருக்க மாட்டாருப்பா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு அவள் செய்ததை நான் கிட்ட இருந்து பார்த்தேன். என் தப்புக்கும் சேர்த்து அவள் உழைக்கும்போது வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளேயே ஷெல் என்கிற பகுதியைப் பற்றிய கையேடு இருக்கிறது. நாம் தட்டுவதை வாங்கிக்கொள்கிற பகுதிதான் ஷெல். கையேடு இங்கிலீஷில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. துளசியின் இங்கிலீஷ் ஐந்தாம் படிவ இங்கிலீஷ். மகளின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை முழுக்க வரி வரியாகப் படித்தாள். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "தாப்பா பஸ்ஸவிட இது தேவல" என்றாள்.

அன்று சாயங்காலம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். புதுக் கடிதம் வந்திருக்கிறதா என்று ஷெல் தானே அவ்வப்போது பார்க்கும். அப்படிப் பார்க்கச் சொல்கிற அமைப்புக்கு மெயில்செக் என்று பெயர். கணக்கு திறக்கும்போது ஓடுகிற கோப்பில் அதை நீக்கும்படி யாரோ ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள். காலையில் வருகிற விவரத் தாளின் நடுவே கடிதச் சேதி வந்து அசிங்கமாகிறது என்று நினைத்திருப்பார்கள் போல.

"வாயக் கட்டிட்டுல்ல போயிருக்கான்!" என்றாள். அந்த வரியை அழித்தாள்.

சனிக்கிழமை காற்றாடியை நிறுத்திப் பார்த்தோம். கடிதம் வந்திருக்கிறது என்று திரை சொன்னது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு தடவைதான் சொல்கிறது. நாலு வரி மேலே போனால் மறைந்துவிடுகிறது, திரையைத் துடைத்தால் போச்சு.

"அலாமாக், இது போதும்லா துளசி" என்றேன்.

"ஒரு தரம் சொல்லிட்டு வாய மூடிக்கிறது போதாதுண்ணே. நாம படிக்கிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை. புனிதன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, பெண்டாட்டி வீட்டுக்கு வருகிறாளா இல்லை பெட்டியையே கட்டிக்கொண்டாளா என்று கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஊட்டிவிடச் சொன்னாள். ஊட்டிவிட்டான், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் சேதியை அந்த டாலர் வரியிலேயே, பிராம்ப்ட்டிலேயே வைக்கப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை பிராம்ப்ட் வரும் முன்னாலும் தபால்பெட்டி காலியா என்று ஷெல் பார்க்க வேண்டும். காலியாக இல்லாவிட்டால் வரி சிவப்பாகி, மாடி என்ற சொல் வர வேண்டும். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து வராது. இங்கிலீஷ் எழுத்தில்தான் மாடி. ஒரு புள்ளியை விட்டால் திட்டும், ஒரு இடைவெளி கூடினால் திட்டும். எத்தனை தடவை திட்டு வாங்கினாள் என்று எண்ணவில்லை. மூன்று மணிக்கு வரி சிவந்தது. கடிதங்களைப் படித்து முடித்ததும் பழையபடி வெள்ளை ஆனது. பத்துத் தடவை சோதித்தாள், பத்துத் தடவையும் சரி.

திங்கட்கிழமை பதினொரு மணி. மேனேஜர் நாற்காலியில், இருளப்பன் ஜன்னலுக்கு வெளியே கைகட்டி. நான் மூன்றாம் காற்றாடியை நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். துளசி மரியாதைக்காகக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று பத்து ஆயிற்று. திரை வெள்ளையாகவே இருந்தது. பதினொன்று இருபது, அப்போதும் வெள்ளைதான். துளசியின் கழுத்தில் வியர்வை ஓடியது. அந்தக் குளிரில்! மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இருளப்பனைப் பார்த்தார். "பரவாயில்லை துளசி, முயற்சி செய்தாய்" என்று எழுந்தார்.

இருளப்பன் ஆபீஸ் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். "அரை மணி ஆயிடுச்சு துரை. அடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். தன் பிழைப்பு போகிற நேரத்தில் அந்த மனிதருக்கு அதுதான் கவலை. கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் அடித்தார்.

நிறுவையில் இருந்த ஏழு வருஷமும், மணி அடித்ததும் அந்த அரை மணி நேரத்து நிறுவைச் சீட்டுக்கு முத்திரை குத்துவது துளசியின் வேலை. சத்தம் கேட்டதும் அந்தப் பழக்கத்தில் அவள் வலது கை தானாக எழும்பி மேஜையில் குத்தியது. மேஜையில் இருந்தது கீபோர்டு. குத்தியது என்டர் விசையில்.

புது வரி வந்தது. செக்கச் சிவப்பாக, மாடி என்று.

துளசி திரையிலிருந்து கீபோர்டுக்குப் பார்வையை இறக்கினாள். பிறகு அவளுக்குப் புரிந்தது, எனக்கும் மெல்லப் புரிந்தது. நேற்று சோதித்தபோது அவள் ஓயாமல் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் புது பிராம்ப்ட் வந்தது, ஒவ்வொரு பிராம்ப்ட்டும் தபால்பெட்டியைப் பார்த்தது. இன்று கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்டர் தட்டாவிட்டால் புது வரி வராது.

அவள் மேனேஜரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "இது தானா கத்தாது துவான். நாம கேட்டாத்தான் சொல்லும். ஆனா எப்பக் கேட்டாலும் உண்மையச் சொல்லும்."

"அரை மணிக்கு ஒருமுறை யார் கேட்பது?" என்றார் மேனேஜர். "ஒரு வாரம் கேட்பீர்கள், அப்புறம் மறந்துபோவீர்கள்."

"நான் மறந்துபோவேன். லிங்கண்ணே கண்டிப்பா மறந்துபோவாரு." துளசி ஜன்னலைக் காட்டினாள். "அவரு முப்பத்தோரு வருஷமா ஒரு அரை மணியக்கூட மறக்கல. தொட்டி கெட்ட அன்னைக்கு, லோரி எறக்கிக்கிட்டிருந்தப்பகூட பத்தரைக்கு ஒன்னு, பதினோரு மணிக்கு ஒன்னு அடிச்சாரு. எனக்குக் கேட்டுச்சு, நான் திரும்பல. அன்னைக்குப் பத்தரை மணிக்கு இந்த விசைய ஒருத்தர் தட்டியிருந்தா தொட்டி பொழச்சிருக்கும். இனிமே அவரு மணி அடிச்சா நான் தட்டுவேன். நான் இல்லாட்டி அவரே ஜன்னல் வழியா கைய விட்டுத் தட்டட்டும். செவப்பு தெரியறதுக்குப் படிக்கத் தெரிய வேணாம். அவர மருந்தடிக்க அனுப்பிட்டா, மணி யாரு அடிப்பா துவான்?"

மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரே பல நாள் அந்த மணியைக் கேட்டு நேரத்தைச் சரிசெய்துகொள்கிறவர். கடைசியில் உட்கார்ந்தார். மேலிடத்துக்குப் புதுக் கடிதம் எழுதச் சொன்னார். துளசி டைப் அடித்துக் கொடுத்தாள், அவர் கையெழுத்துப் போட்டார். மாற்றம் ரத்து. சோம்பலுக்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

மேனேஜர் போன பிறகு துளசி மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்தாள். இருளப்பன் வெளியே இருந்து கையை விட்டு, சூடான சட்டியைத் தொடுகிற மாதிரி விசையைத் தொட்டுப் பார்த்தார்.

"கிராணியம்மா, அன்னைக்கு அது என்னா எழுதுச்சு?"

"எல்லாம் ஒன்னுதான்ணே. மூணாம் காத்தாடி நின்னிருக்குன்னு."

"படி. கேக்கறேன்."

அவள் படித்தாள். பத்து மணி ஐந்து நிமிஷம், மூன்றாம் காற்றாடி நின்றிருக்கிறது. பத்து மணி பத்து நிமிஷம், மூன்றாம் காற்றாடி நின்றிருக்கிறது. சேதி மாறாமல் நேரம் மட்டும் மாறிக்கொண்டே போனது. ஒன்றையும் தாண்டிப் போகவில்லை. பத்தாவது கடிதத்தில் அவள் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றினாள், துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே மீதியையும் படித்தாள்.

"என் பேருக்கு வந்த கடுதாசிண்ணே. நான் பாக்கல. என்னைய மன்னிச்சிருங்க" என்றாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

இருளப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பதினாலு தரம் சொல்லியிருக்கு" என்றார். "நான் ரெண்டு தரத்தோட வாய மூடிக்கிட்டேன்."